தொட்டியில் சாக்ஸிஃப்ரேஜ் வளர்ப்பது எப்படி: இடம் பார்ப்பதிலிருந்து கன்று பிரிப்பது வரை

குன்னூரில் என் வீட்டு வராந்தாவில் தொங்கும் சாக்ஸிஃப்ரேஜ் என்ற அலங்காரச் செடியின் தொட்டியிலிருந்து கடந்த ஆறு வருடத்தில் முப்பது கன்றுகளாவது பிரித்துக் கொடுத்திருப்பேன். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து, "போயிருச்சுக்கா, இன்னொன்னு இருக்கா?" என்று கேட்டார்கள். என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துப் பார்த்தேன். எல்லோரும் அதே நாலைந்து இடத்தில்தான் தடுக்கியிருந்தார்கள். கவனிக்காமல் விட்டதால் செத்த செடி ரொம்பக் குறைவு. வேலைகளை முன்பின்னாகச் செய்ததால் போனதுதான் அதிகம்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முக்கியமாக 2-ஆவது, 3-ஆவது படிகளைச் செடி கைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

1. எந்தச் செடி என்று உறுதி செய்யுங்கள்

சாக்ஸிஃப்ரேஜ் என்று நாம் சொல்லும் சாக்ஸிஃப்ராகா பேரினத்தில் 400-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பல வகைகள் உயர்ந்த மலைப் பாறைகளில் பாசி மெத்தை போலப் படர்பவை. அவற்றை வீட்டுக்குள் வைக்க முடியாது. நல்ல குளிரும் திறந்த வெளியும் வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது சாக்ஸிஃப்ராகா ஸ்டோலோனிஃபெரா என்ற வகை. சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து ஈரமான நிழல் பாறைகள்தான் அதன் பிறந்த இடம். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்தான்.

அடையாளம் எளிது. வட்டமான இலை, ஓரத்தில் மெல்லிய அலை, மேலே வெள்ளி நிற நரம்புகள், இலை முழுக்கப் பூனை முடி, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சிவப்பு கலந்த ஊதா. தொட்டி ஓரத்திலிருந்து சிவப்பு நூல் போலக் கொடிகள் இறங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கன்று இருக்கும்.

கடையில் இதற்கு வேறு பெயர்கள் சொல்வார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்ட்ராபெரி பிகோனியா, ஸ்ட்ராபெரி ஜெரேனியம் என்று இரண்டு பெயர் உண்டு. இது ஸ்ட்ராபெரியும் இல்லை, பிகோனியாவும் இல்லை, ஜெரேனியமும் இல்லை. எங்கள் ஊரில் ஜெரேனியத்தை வெயிலில் வைத்து, காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பெயரை நம்பி இதையும் அப்படியே வைத்தவர்களின் செடி ஒரு வாரத்தில் கருகியிருக்கிறது.

மூன்றாவது பெயர் 'மதர் ஆஃப் தவுசண்ட்ஸ்'. இலை ஓரமெல்லாம் குட்டி முளைக்கும் ஒரு கலாஞ்சோ வகைக்கும், அதாவது நம் ரணகள்ளியின் உறவுக்கும், இதே பெயர்தான். அந்தச் செடி நாய், பூனைக்கு நஞ்சு. சாக்ஸிஃப்ரேஜ் அவற்றுக்குத் தீங்கு செய்யாது. வீட்டில் பிராணி இருந்தால் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள். கலாஞ்சோ இலை தடித்து வழவழப்பாக இருக்கும். இதன் இலை மெல்லியது, முடி உள்ளது.

இலை ஓரம் வெண்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும் 'ட்ரைகலர்' ரகமும் கிடைக்கும். அழகுதான், ஆனால் முதல் செடியாக வேண்டாம். அதில் பச்சையம் குறைவு என்பதால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். ஒரு தப்பு செய்தால் தேறி வர மாதக்கணக்கில் ஆகும்.

2. செடி வருவதற்கு ஒரு வாரம் முன்பே இடத்தைப் பாருங்கள்

வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டி, ஏழு நாள் மதியம் இரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ், இரவில் அதைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. இந்தச் செடிக்குப் பிடித்த கணக்கு இதுதான். எப்போதாவது 27, 28 வரை போனால் தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் செடி தளர்ந்து, அழுகல் வர வாய்ப்பு அதிகம்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. பெங்களூரில் மார்ச் முதல் மே வரை வீட்டின் குளிர்ந்த மூலையாகப் பார்த்து வைக்க வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மே மாதத்தில் இரவும் 27, 28 டிகிரியில் நிற்கும் ஊரில் செடிக்கு ஓய்வே கிடைக்காது. ஏசி அறையில் வைக்கலாமே என்று கேட்கிறார்கள். ஏசி ஓடும்போது காற்று காய்கிறது, நின்றதும் சூடு ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் செடியை இன்னும் சீக்கிரம் வாட்டும்.

லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கோடையைவிடக் குளிர்காலம்தான் சோதனை. ஹீட்டருக்கு நேர் மேலே உள்ள ஜன்னல் திண்டைத் தவிர்த்துவிடுங்கள். சூடாக்காத அறையின் ஜன்னல், பத்து டிகிரி இருந்தாலும், இதற்கு நல்ல இடம்.

அப்புறம் வெளிச்சம். நடுப்பகலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழல் கத்தரித்தது போல விழுந்தால் வெளிச்சம் அதிகம். நிழலே தெரியவில்லை என்றால் போதாது. விரல்கள் தெரிந்தும் ஓரம் மங்கலாக இருந்தால் சரியான இடம். காலை வெயில் ஒரு மணி நேரம் படும் கிழக்கு ஜன்னல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் எழுதிய குறிப்புகளில் வடக்கு ஜன்னல் எப்போதும் நிழல் என்று இருக்கும். அதை அப்படியே இங்கே நம்ப வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. நம் வடக்கு ஜன்னலில் அந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். காலை வெயில் பரவாயில்லை. மாலை மூன்றரை, நாலு மணி வெயில் இலையைப் பொசுக்கிவிடும். ஒரு மெல்லிய வேட்டித் துணியைத் திரையாகக் கட்டினால் போதும்.

3. தொட்டி, மண், மற்ற சாமான்கள்

தொட்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் அகலம், அதைவிடக் குறைந்த ஆழம், அடியில் துளை. இதன் வேர் மேல்மண்ணிலேயே நார் நாராகப் படரும், ஆழமாக இறங்காது. "வளரத்தானே போகுது" என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். நான் பார்த்த சாவுகளில் பெரிய தொட்டிக்கு முக்கியப் பங்கு உண்டு.

மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் மண் தொட்டி நல்லது. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். காற்று காய்ந்த ஊரில் பிளாஸ்டிக் தொட்டி போதும்.

மண் கலவை என் கணக்கில் இது: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணை) ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் கரடுமுரடான ஆற்று மணல். எம்-சாண்ட் என்றால் கலங்கல் போகும் வரை அலசுங்கள். அதிலுள்ள மாவுத்தூள் மண்ணின் இடைவெளியை அடைத்துவிடும். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போடக் கூடாது. நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

கோகோபீட்டை அலசாமல் போடுவதும் ஒரு பொதுவான தவறு. தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடும் இடங்களிலிருந்து வரும் கட்டிகளில் உப்பு தங்கியிருக்கும். இந்தச் செடியின் இலை ஓரம் உப்பு பட்டால் உடனே பழுப்பாகும். 650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, இப்படி மூன்று முறை செய்யுங்கள்.

கலந்தபின் ஒரு சோதனை. ஒரு பிடி ஈரக் கலவையை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் கொஞ்சம் பெர்லைட்.

இவை போக, மூக்கு நீண்ட பூவாளி ஒன்று, சின்னக் கத்தரி, அடித்தட்டு, அரை டஜன் கொண்டை ஊசி. கொண்டை ஊசி எதற்கு என்று 9-ஆவது படியில் தெரியும்.

4. செடி வந்த முதல் பத்து நாள்

வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். கடையிலிருந்தோ கூரியரிலோ வந்த செடி ஏற்கெனவே வெளிச்சம், காற்று இரண்டும் மாறியதில் தடுமாறிக்கொண்டிருக்கும். அதே நாளில் வேரையும் கலைத்தால் இலைக்கு நீர் ஏற்ற ஆள் இருக்காது. கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது இயல்புதான், கிள்ளிவிடுங்கள்.

இந்தப் பத்து நாளும் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். தினமும் இரண்டு மூன்று இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்காம்புகள் சேரும் இடத்தில் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அது மாவுப்பூச்சி, 11-ஆவது படிக்குப் போங்கள். உரம் எதுவும் வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தொட்டி கனமாக இருந்து, மண்ணில் சாக்கடை வாடை வந்தால் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. அன்றே நடுங்கள்.

5. நடுதல்: குருத்து எந்த மட்டத்தில் நிற்கிறது?

தொட்டியைச் சாய்த்து, செடியின் கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவே தாங்கி, அடியில் தட்டி எடுங்கள். கொடிகளைப் பிடித்து இழுக்க வேண்டாம், பிய்ந்து வரும். பழைய மண் களிமண்ணாக இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தால் தானாகக் கரையும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் பிய்யாமல் இறுக்கமாக நிற்கும். கறுத்துக் கொழகொழவென்று இருப்பதை வெட்டிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். இலைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து புறப்படும் நடுப்புள்ளிதான் குருத்து. அது மண் மட்டத்துக்குச் சரியாக உட்கார வேண்டும். அரை விரல் கீழே போனால் மண்ணும் ஈரமும் குருத்தைச் சூழ்ந்து அழுக ஆரம்பிக்கும். மேலே தூக்கி நின்றால் செடி ஆடும், மேல் வேர் காயும். மண் பிறகு அமுங்கும் என்பதால், நடும்போது ஒரு நூல் உயரமாக வைத்து நடுவது என் பழக்கம்.

மண்ணைக் கட்டைவிரலால் குத்தி இறுக்காதீர்கள். தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் மண் தானே இறங்கும். விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கட்டை இடம் விடுங்கள். நட்டவுடன் ஒரு முறை அடித்துளை வழியே வழியும் வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரம் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

அடியில் ஓட்டாஞ்சில்லு அடுக்குவது பழைய வழக்கம். துளையை மூடும் அளவு ஒன்று போதும். கனமாக அடுக்கினால் ஈரம் வடியும் என்பது சரியில்லை. ஈர மண்ணின் அடிமட்டம் மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும்.

6. தண்ணீர்

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து தெரிந்த பெண் ஒருத்தி தொட்டியோடு வந்தாள். "அக்கா, தினமும் ஊத்துறேன், ஆனாலும் வாடுது" என்றாள். இலைகள் ஈரத்துணி மாதிரித் தொங்கின. தொட்டியைக் கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது. குருத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினேன், செடி முழுதும் கையோடு வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நார் நாலைந்து, உருவினால் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் மிஞ்சியது.

நடந்தது இதுதான். மண்ணில் ஈரம் நிரம்பியதும் காற்று போய்விட்டது. காற்றில்லாத வேர் அழுகியது. வேர் போனபின் இலைக்குத் தண்ணீர் ஏற வழியில்லை, வாடியது. வாடியதைப் பார்த்து அவள் மேலும் ஊற்றினாள். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் செடிக்கு அதுவே எமனாகிவிட்டது.

அதனால் வாடிய செடியைப் பார்த்ததும் பூவாளியைத் தேடாதீர்கள். முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். வாடியிருக்கிறது, தொட்டியும் லேசாக இருக்கிறது என்றால் தாகம். வாடியிருக்கிறது, தொட்டி கனக்கிறது என்றால் வேர் அழுகல். மதியத்தில் மட்டும் தொய்ந்து மாலையில் நிமிர்ந்தால் அது வெக்கை. தண்ணீர் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

இந்தக் கனம் கைக்குப் பழக வேண்டும். நட்ட முதல் நாள் தண்ணீர் ஊற்றி வடிந்தபின் ஒரு முறை தூக்குங்கள். பிறகு தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கை தானாகச் சொல்லிவிடும். அதுவரை, சுண்டுவிரலை முதல் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்து, விரல் நுனியில் லேசான குளிர்ச்சி மட்டும் தெரியும்போது ஊற்ற வேண்டும். முழுக்கக் காயவும் விடக் கூடாது. கோகோபீட் ஒரு முறை சுண்டக் காய்ந்தால் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், வேருக்கு எட்டாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எல்லோரும் கேட்பார்கள். என் வராந்தாவில் ஏப்ரலில் மூன்று நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் ஏழெட்டு நாள், டிசம்பர், ஜனவரியில் பத்து நாள் கூட ஆகும். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். வெறும் நாளை எண்ணி ஊற்றினால் மழைக்காலத்தில் செடி போய்விடும்.

ஊற்றும் முறைக்கும் காரணம் உண்டு. இலையில் முடி இருப்பதால் விழுந்த துளி உருண்டு ஓடாது, தங்கும். நடுக்குருத்தில் தங்கிய நீர் மூடுபனி நாளில் இரண்டு நாள் காயாமல் நின்று அழுகலைக் கொண்டுவரும். பூவாளியின் மூக்கை இலைகளுக்கு அடியில் நுழைத்து, தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். இலை அடர்ந்து இடமில்லாவிட்டால் தட்டில் தண்ணீர் வைத்து இருபது நிமிடம் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். அப்புறம் தட்டில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். இந்தக் கொட்டுவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் இலை மேல் தெளிப்பதற்குப் பதிலாக, கூழாங்கல் பரப்பிய தட்டில் கல் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அதன் மேல் தொட்டியை வையுங்கள்.

வேர் அழுகிய செடியைக் காப்பாற்ற முடியுமா? குருத்து கெட்டியாக இருந்தால் முடியும். அழுகிய வேரை வெட்டி, பாதி இலையையும் குறைத்து, முன்பிருந்ததைவிடச் சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் நட்டு, பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, இரண்டு மூன்று வாரம் நிழல் வெளிச்சத்தில் வையுங்கள். குருத்தே மெத்தென்று அமுங்கினால் தாயை விட்டுவிட்டுக் கொடியில் உள்ள கன்றுகளைப் பிடியுங்கள். கோயம்புத்தூர்ச் செடியில் அப்படி மிஞ்சிய ஒரு கன்றுதான் இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

7. வெளிச்சத்தை இலையில் படியுங்கள்

இலைக்காம்பு நீண்டு, செடி ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளி நரம்பு மங்கினால் வெளிச்சம் போதவில்லை. ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றிவிடாதீர்கள், வாரத்துக்கு ஓரடி ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். இலை நடுவில் காகிதம் போலக் காய்ந்த திட்டு வந்தால் வெயில் சுட்டிருக்கிறது. அந்த இலை திரும்பாது, ஆனால் பாதி பச்சையாக இருந்தால் கிள்ள வேண்டாம்.

வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள்.

8. உரம்

புது இலை விடும் மாதங்களில் மட்டும், மாதம் ஒரு முறை. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) கரையும் உரம் என்றால் லிட்டருக்கு அரை கிராம் போதும், ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரநீர் வேரைச் சுடும். தழைச்சத்து அதிகமானால் இலை பெரிதாகி, மென்மையாகி, பூச்சிக்கு நல்ல விருந்தாகும். குளிர் மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

9. கொடியும் கன்றும்

வாழையைப் போலத்தான் இதுவும். தாய் நிரந்தரம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் தண்டு நீண்டு, நடுப்பகுதி மொட்டையாகி, இலை சிறுத்துவிடும். கன்றுகள்தான் அடுத்த செடி. ஆகவே தாய் நன்றாக இருக்கும்போதே ஒரு கன்றையாவது தனியாக வேர் பிடிக்க வைத்துவிடுங்கள். தொட்டி மாற்றுவது, மருந்து அடிப்பது என்று எதைச் செய்வதற்கு முன்பும் இது நடந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தவர்கள் யாரும் என்னிடம் இரண்டாவது கன்று கேட்டு வந்ததில்லை.

கொடி நுனியில் இலை தெரிந்ததும் வெட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்தக் கன்று இன்னும் கொடி வழியாகத் தாயிடம்தான் நீர் குடிக்கிறது. மூன்று நாலு இலை விரிந்து, அடியில் வெள்ளைப் புள்ளியாக வேர் முனை தெரியும் வரை பொறுங்கள்.

பிறகு ஐந்தாறு சென்டிமீட்டர் சின்னத் தொட்டி அல்லது துளையிட்ட காகிதக் கோப்பையில் அதே கலவையை நிரப்பி, நனைத்து, தாய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். கன்றை மண் மேல் உட்காரவைத்து, அதற்கு அரை அங்குலம் முன்னால் கொடியின் மேல் கொண்டை ஊசியைக் கவிழ்த்துக் குத்துங்கள். ஊசி கொடியை அழுத்தி நசுக்கக் கூடாது, அசையாமல் பிடித்தால் போதும். அசைந்தால் புது வேர்முனை ஒடியும், மண்ணில் படாமல் தொங்கினால் வேர் ஓடாது. கன்றின் குருத்தையும் மண்ணால் மூடாதீர்கள்.

கோப்பை மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு வாரம் கழித்து ஓர் இலையைப் பிடித்து மிக லேசாக இழுத்தால், மண் பிடித்துக்கொள்வது விரலில் தெரியும். புது இலையும் ஒன்று விரிந்திருந்தால் கொடியைக் கன்றின் பக்கம் வெட்டுங்கள். வெட்டியபின் ஒரு நாள் வாடினால் பதற வேண்டாம், நிழலில் வையுங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து கொடிக்கு மேல் விட வேண்டாம். அடர்த்தியாகத் தொங்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் இளம் தாய் இளைத்துப்போகும். கன்று நட்டு முதல் வருடம் வரும் கொடிகளில் இரண்டை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுவேன்.

10. பூ வந்தால்

கோடைத் தொடக்கத்தில் மெல்லிய தண்டு ஒன்று நிமிர்ந்து, சின்ன வெள்ளைப் பூக்கள் வரும். கீழே இரண்டு இதழ் நீளமாகவும் மேலே மூன்று குட்டியாகப் புள்ளியோடும் இருக்கும். நோஞ்சான் செடி என்றால் தண்டு தலைகாட்டும்போதே வெட்டிவிடுங்கள். பூவுக்குப் போகும் தெம்பு வேருக்குப் போகட்டும். நல்ல செடியில் பூக்க விட்டு, வாடியதும் அடியோடு வெட்டுங்கள். பூத்த குருத்து பிறகு தளர்வது சகஜம். பக்கத்தில் இளம் குருத்து வருகிறதா என்று பாருங்கள்.

11. பூச்சியும் அழுகலும்

மாவுப்பூச்சி: காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பூச்சியின் மேல் மட்டும் வையுங்கள். முடி உள்ள இலையில் ஸ்பிரிட் பரவினால் கறை விழும். எனவே முதலில் ஓர் இலையில் சோதித்து, இரண்டு நாள் பாருங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். ஒரு முறை துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் அது திரும்ப வரும்.

காற்று காய்ந்த காலத்தில் இலை மேல் வெளிறிய பொடிப்புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். மறுநாள் வெயில் படக் கூடாது. எண்ணெய் ஒட்டிய இலை வெந்துவிடும்.

மழைக்காலத்தில் நத்தையும் ஓடில்லா நத்தையும் இரவில் வந்து இலையைத் தின்னும். தொட்டியைத் தொங்கவிட்டால் தொல்லை பாதி குறையும். பிரிட்டனில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக இருந்த செடி திடீரென்று வேரின்றிக் கையோடு வந்து, மண்ணில் வெள்ளையாக வளைந்த புழு இருந்தால் அது வைன் வீவில் என்ற வண்டின் புழு, வேரைத் தின்பது. மண் முழுவதையும் கொட்டிவிட்டு, வேரைக் கழுவிப் புதிதாக நடுங்கள்.

மூடுபனி நாளில் வாடிய இலை மேல் சாம்பல் நிறப் பூஞ்சை வந்தால், அந்த இலையைக் காம்போடு எடுத்து, தொட்டிகளை ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்றோட்டம்தான் இதற்கு மருந்து.

ஜப்பானில் இந்த இலையை மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கடையில் வாங்கிய செடியில் இலை பறிக்க வேண்டாம். அலங்காரச் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

12. வருடத்துக்கு ஒரு முறை

மழை ஓய்ந்து குளிர் குறையும் பிப்ரவரி, மார்ச் மாதம் எங்கள் பக்கம் தொட்டி மாற்ற நல்ல நேரம். குளிர் நாடுகளில் வசந்தம். அதற்கு முன் 9-ஆவது படியில் சொன்னபடி ஒரு கன்று வேர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வேர் தொட்டியைச் சுற்றியிருந்தால் ஒரு விரல்கட்டை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே தொட்டியில் மண்ணை மட்டும் புதுப்பியுங்கள். காய்ந்த கீழ் இலைகளை எடுத்து, 5-ஆவது படியில் சொன்ன மட்டத்தில் குருத்தை வையுங்கள்.

நட்ட மாதத்தையும் வருடத்தையும் ஐஸ்குச்சியில் எழுதித் தொட்டியில் குத்திவையுங்கள். மூன்றாவது வருடக் குச்சி உள்ள தொட்டியில் நடுப்பகுதி மொட்டையாகியிருந்தால், அந்தத் தாயை எடுத்துவிட்டு அதன் கன்றுகளில் மூன்றை அதே தொட்டியில், புது மண்ணில், நாலு விரல் இடைவெளி விட்டு நடுங்கள்.